ஜனவரியில் எஃபிக்கு வேண்டிய வெயில்

நவம்பர் பிறந்தால் எஃபி லமாண்டுக்குக் கால் தரையில் பாவாது. உடம்பு எங்கள் ஊர் பேக்கரியில் நின்று ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டிருக்கும். மனசோ போர்ச்சுகலின் தென்கரையில் ஏதோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், பள்ளிக்கூடம் விடுவதற்குள் இருட்டிவிடும் ஊரில் இருப்பவளுக்கு மனசு வேறு எங்கே போகும்? மிச்சக் காசைக் கொடுக்க மறந்து ஜன்னலைப் பார்த்து நிற்பாள். வாடிக்கையாளர்களும் அவசரப்படுத்த மாட்டார்கள். அவள் திரும்பி வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

கோல்ஃப் கிளப்பின் பெண்கள் அணி ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு வாரம் வெயிலுக்குப் போய்வரும். அந்த ஏற்பாடு முழுக்க எஃபியுடையது. சும்மா சொல்லக்கூடாது, சிக்கனமாகத் திட்டம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புத்தாண்டுக் கூட்டம் வடிந்த பிறகு, வாரநடுவில் கிளம்பும் விமானம். நாலு நட்சத்திர ஹோட்டலுக்குப் பதில் அதன் பின்தெருவில் சமையலறையோடு ஒரு வாடகை வீடு. பேர்போன மைதானங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆலிவ் தோப்புக்குப் பின்னால் ஒன்பது குழி மட்டும் இருக்கும் சின்ன மைதானம், அதுவும் மதியத்துக்குமேல், பாதிக் கட்டணத்தில். அந்த மைதானத்தின் படம் அவள் சமையலறையில் கெட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் எஃபி மனசுக்குள்ளேயே முதல் குழியை ஆடி முடித்துவிடுவாள்.

இத்தனையும் செய்பவள் ஒரு வருஷம்கூடப் போனதில்லை. காரணம் அவள் புருஷன் மர்டோ.

மர்டோதான் எங்கள் மைதானத்துப் புல்லை வெட்டிப் பராமரிக்கும் தலைமைப் புல்தரைக்காரன். இளவயதில் அவன் நல்ல ஆட்டக்காரன். அவர்கள் காதலித்ததே கடலோரத்து ஏழாம் குழியில்தான். "நீ அடி, நான் பார்த்துட்டு நிக்கறேன்" என்று அவன் சொல்வானாம், அவள் அடிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம், பின்னால் வருகிறவர்கள் கத்துவார்களாம். பிறகு ஆயுசு முழுக்கப் புல்வெட்டும் இயந்திரத்தின் உதறலைப் பிடித்துப் பிடித்தே அவன் விரல்களில் ரத்த ஓட்டம் கெட்டுப்போனது. குளிர் பட்டால் போதும், விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து மரத்துவிடும். கோடையில் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. குளிர்காலத்தில் நேரம் உண்டு, விரல் இல்லை.

ஒரு டிசம்பரில், கிளப் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் வீசிய மட்டை கையைவிட்டுப் பறந்து முட்புதரில் போய் விழுந்தது. அவர்கள் சிரித்தது சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான். ஆனால் மர்டோ அன்றோடு மட்டைகளை விற்றுவிட்டான். வெளியில் நடக்கும்போது எஃபியின் கையைப் பிடிப்பதையும் விட்டுவிட்டான், கைகள் எப்போதும் பாக்கெட்டுக்குள்தான். அவள் ஒருதரம் கேட்டதற்கு, பிடித்தாலும் என் கைக்குத் தெரியப் போவதில்லை என்றான். அந்த ஒரு வார்த்தை எஃபிக்குள் பல குளிர்காலமாகக் குத்திக்கொண்டே கிடந்தது.

அவனை வெயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் ஆடவைக்க வேண்டும். அவள் கனவு அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேருக்குப் பேக்கரிச் சம்பளம் எங்கே எட்டும்?

வழி இந்த வருஷம் தானாக வந்தது. எட்டுப் பேர் பணம் கட்டினால் ஒன்பதாவது ஆள் இலவசம் என்று அந்தச் சின்ன மைதானத்துக்காரர்கள் சலுகை போட்டிருந்தார்கள், வாடகை வீடும் அதில் அடக்கம். அணியில் போகிறவர்கள் ஏழு பேர். எஃபி எட்டு. ஒன்பது?

அணித்தலைவி நெட்டா முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். எஃபி அவளிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். நெட்டாவின் கத்தரி அப்படியே நின்றது.

"பொம்பளைங்க ட்ரிப்புல அந்தச் சிடுமூஞ்சி எதுக்குடி?"

"அவனை ஆம்பளைன்னு எண்ணாதே நெட்டா. ஒன்பதாவது ஆளுன்னு எண்ணு."

நெட்டா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, எட்டுப் பெட்டியையும் அவன்தான் தூக்க வேண்டும், மைதானத்தில் யாரையும் திட்டக்கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டுவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தாள்.

திட்டக்கூடாது என்றதில் நியாயம் உண்டு. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் புல் வளராது, மட்டை பட்டுப் பெயர்ந்தால் அந்தக் காயம் வசந்தம்வரை ஆறாது. அதனால் ஆடுகிறவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் புல் வைத்த கையகலப் பாய் ஒன்றைப் பையில் கட்டிக்கொண்டு போய், பந்தைத் தூக்கி அதன்மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். இதை மர்டோ வேதமாகவே வைத்திருந்தான். பாய் இல்லாமல் அடித்த ஒரு பாதிரியாரைக் கடற்காற்றையும் மீறி அவன் திட்டிய திட்டு தேவாலயம்வரை கேட்டது.

மர்டோவைச் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடு. ஊர் சிரிக்கும் என்றான். புல்தரையை யார் பார்ப்பார்கள் என்றான். உதவியாள் இருக்கிறார், மைதானம் உறைந்து பூட்டித்தான் கிடக்கும் என்று அவள் ஒவ்வொன்றாக வாயை அடைத்தாள். கடைசியில் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"அங்க போயும் மட்டை பறந்துச்சுன்னா என்ன பண்றது எஃபி?"

"பறந்தா நான் போய் எடுத்துட்டு வரேன். நீ பேசாம வா."

அவன் பேசாமல் வந்தான். அவன் மட்டைகளைத்தான் விற்றாயிற்று, இரவல் வாங்கினாலும் விமானத்தில் மட்டைப் பைக்குத் தனிக் கட்டணம் என்பதால் இருவருக்கும் சேர்த்து எஃபியின் பை ஒன்றுதான். அவள் மட்டைகள் அவன் இடுப்புக்குக்கூட எட்டாது. போகட்டும், குனிந்து அடிக்கட்டும் என்றாள்.

அங்கே இறங்கிய அன்று எஃபிக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம். பின்தெருவில் ஆரஞ்சுப் பழங்கள் சுவருக்கு மேலே சும்மா தொங்கின. கெட்டிலுக்கு மேலிருந்த படம் அகலமாகி, ஆழமாகி, மணம் பிடித்து எதிரே கிடந்தது. வெயில் தோளில் வந்து உட்கார்ந்தது. எட்டுப் பெண்களின் மூட்டைகளையும் தூக்கிய களைப்பில் மர்டோ கோட்டைக் கழற்றினான். அவனைக் கோட்டில்லாமல் ஜனவரியில் யாரும் பார்த்ததில்லை.

முதல் அடியை அவன், பந்தைத் தரைக்கு மேலே தூக்கி நிறுத்தும் சின்ன மர ஆணிமேல் வைத்து அடித்தான். அந்தக் குட்டை மட்டையோடு பாதி மடிந்து நின்றான். மட்டை கையிலேயே இருந்தது. பந்து சுமாராக, ஆனால் நேராகப் போனது.

பந்து கிடந்த இடத்துக்குப் போனதும் மர்டோ பையைத் திறந்து அடியில் கையை விட்டான். வெளியே வந்தது எங்கள் ஊர்ப் பாய். எஃபிக்குத் தெரியாமல் கடல் கடந்து கொண்டுவந்திருக்கிறான். பச்சைப்பசேல் புல்லில் அதை விரித்து, பந்தைப் பக்குவமாக எடுத்து அதன்மேல் வைத்தான். நெட்டா கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எஃபிக்குச் சிரிப்பு வரவில்லை. முட்புதர் நாள் மறுபடி வந்துவிட்டதே என்று மர்டோவின் பக்கத்தில் போய் நின்றாள்.

வண்டியில் போய்க்கொண்டிருந்த அந்த ஊர்ப் புல்தரைக்காரர் நிறுத்தி இறங்கினார். பாயைப் பார்த்தார், மர்டோவின் விரல்களைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. தன் விரல்களை விரித்துக் காட்டினார், அவருக்கும் அதே இயந்திர வாழ்க்கைதான். பிறகு குதிகாலால் தரையைக் குத்திவிட்டுச் சொன்னார்:

"பயப்படாம அடிங்க. இங்க குளிர்லயும் புல்லு வளரும்."

மர்டோ மண்டியிட்டு விரல்களைப் புல்லுக்குள் விட்டு வேர்வரை தடவினான். பந்தைப் புல்லிலேயே வைத்துவிட்டு எழுந்து, பாயைச் சுருட்டி எஃபியிடம் கொடுத்தான். வீசினான். ஒரு பிடி மண்ணோடு புல் பெயர்ந்து பறந்தது. பந்து எங்கே போனதென்று அவன் பார்க்கவே இல்லை. பெயர்ந்த கட்டியைத் தேடி எடுத்து, பெயர்ந்த இடத்திலேயே வைத்து அழுத்திவிட்டு, தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்கள் சிவந்திருந்தன.

"அடிச்சது கையில தெரிஞ்சுது எஃபி."

அவளுக்குக் கண் நிறைந்தது. பந்தைத் தேடலாம் வா என்று மட்டும் சொன்னாள். மர்டோ மட்டையைப் பையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்னாலிருந்து நெட்டா, சீக்கிரம் நடங்கள், ஆட்டம் நிற்கிறது என்று கத்தினாள். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.