டெய்சி அக்காவும் என் கிரியேட்டினினும்

டெய்சி அக்கா இறந்துவிட்டார்.

எழுதிவிட்டேனே தவிர, இன்னும் மண்டையில் ஏறவில்லை. இன்று காலை ரத்தம் கொடுக்க பூந்தமல்லி லேபுக்குப் போனேன். அவர் சீட்டில் வேறொரு பெண்.

"டெய்சி அக்கா இல்லீங்களா?"

"இல்ல சார்."

"லீவா? எப்ப வருவாங்க?"

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "இல்ல சார்... தவறிட்டாங்க. நேத்து சாயந்தரம்."

வீட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம். மூளையில் ரத்தக் கசிவாம். ஐம்பத்திரண்டு வயது.

மூன்று வருடமாக, எங்கள் இருவரில் யார் முந்திப் போவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை...

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. எனக்கு ஈரல் மாற்று ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும். தங்கை கொடுத்த ஈரல். அதை என் உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க தினமும் இரண்டு வேளை மாத்திரை. அதே மாத்திரை கிட்னியைக் கெடுக்கலாம் என்பதால் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அந்த ரத்தத்தை எடுத்தவர்தான் அக்கா.

முதல் தடவை விவரம் தெரியாமல் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"மாத்திரய முழுங்கிகினு வந்தா இன்னாத்த பாக்குறது? மருந்து அளவு தப்பா காட்டும். ஊட்டுக்குப் போ நைனா. நாளைக்கி மாத்திரய கையில எட்த்துகினு வா, குத்தினப்புறம் போடு."

நூம்பலில் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்த எரிச்சல் எனக்கு. திரும்பிப் போனேன்.

போன வருடம் ஒரு நாள். கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் வழக்கம்போல நார்மல். கிட்னி சூப்பர் என்று சந்தோஷமாக ரிப்போர்ட்டைக் காட்டினேன். அக்கா என் புஜத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"ஒடம்புல சதையே இல்லியே நைனா. இந்த கிரியேட்டினின் சதையிலேர்ந்து வர்றது. சதை கம்மின்னா இதுவும் கம்மியாத்தான் காட்டும். இத்த வச்சி கிட்னி நல்லா கீதுன்னு நம்பிகினு கீறியா? சிஸ்டாட்டின்னு இன்னொரு டெஸ்ட்டு கீது. டாக்டராண்ட கேளு."

எனக்கு வந்த கோபம்... லேப் ஓனருக்கு போன் போட்டு, "ரத்தம் எடுக்கிறவங்க எதுக்கு பேஷன்ட்டை பயமுறுத்துறாங்க?" என்று கேட்டேன். அக்காவுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கும்.

ஆனால் பயம் விடவில்லை. டாக்டரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வந்தது. கிட்னி பாதியளவுதான் வேலை செய்கிறது.

டாக்டர் அந்த மாத்திரையைக் குறைத்தார், கூட வேறொன்றைச் சேர்த்தார். அதற்குமேல் மோசமாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் போய், "அக்கா, ஓனர்கிட்ட கம்ப்ளைன்ட் பண்ணது நான்தான்" என்றேன்.

"தெரியும். கைய நீட்டு."

அவ்வளவுதான். கோபமா, மன்னித்துவிட்டாரா... இன்றுவரை தெரியவில்லை.

இன்னொரு நாள், "நீங்க பிபி, சுகர் எல்லாம் பாத்துக்குறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அய்யே, எனக்கு ஊசின்னா பயம் நைனா!"

சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ? அன்றைக்கே பிபியாவது பார்க்கச் சொல்லியிருக்கலாமோ?

இன்று லேபில் ரத்தம் கொடுத்தேனா என்பதே நினைவில்லை. பஸ்ஸில் பார்த்தால் முழங்கை மடிப்பில் பஞ்சு. கொடுத்திருக்கிறேன்.

நேராக நசரத்பேட்டையில் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். தெருவில் ஷாமியானா. கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா. முதன்முறையாக கையில் கிளவுஸ் இல்லாமல் பார்க்கிறேன்.

அவர் மகள் என்னிடம் வந்து, "நீங்க யாருண்ணா?" என்றாள்.

யார் நான்? நண்பனா, கஸ்டமரா?

"பேஷன்ட்டும்மா... லிவர் மாத்தினவன்."

அழுதுகொண்டிருந்த பெண், போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள்.

"நிக்காதீங்கண்ணா, உக்காருங்க. காலைலேர்ந்து எதனா சாப்டீங்களா?"

ஆறுதல் சொல்லப் போனவன் நான். உட்கார்ந்துகொண்டேன்.

நல்லபடியா போய்ச் சேருங்க அக்கா...