கரண்ட் வைத்த கழுத்து

டாஷ்போர்டில் விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டினால் பிரேக். இரண்டு தட்டினால் கியர். உள்ளங்கையை விரித்து அடித்தால், ‘நீ செய்தது எல்லாமே தப்பு, வண்டியை ஓரமாக நிறுத்து’ என்று பொருள். முதல் வாரம் எனக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் குழப்பம் வந்து, பிரேக் போட வேண்டிய இடத்தில் கியரைத் துழாவிக்கொண்டு ஒரு தபால் வண்டியின் முதுகுவரை போய்விட்டேன். பக்கத்தில் இருந்த டீச்சர் தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தார். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

“தட்டுறது காதுல விழலையா, இல்ல எண்ணத் தெரியலையா?” என்றார். வார்த்தை வந்ததே தவிர சத்தம் வரவில்லை. அவர் குரல் போய் அப்போதே நாலு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் டீச்சருக்கு ஐம்பத்து நாலு வயது. பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். குள்ளம் என்பதால் இருக்கையில் ஒரு திண்டு போட்டு உட்காருவார். மாணவர்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், குறை சொல்லித்தான் கூப்பிடுவார். கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காத நான் ‘கிளட்ச்சு’. எனக்கு முந்தைய வகுப்புக்காரர் ‘ஹாரன்’. எனக்குப் பின்னால் வரும் ஓய்வுபெற்ற நீதிபதி ‘தூக்கம்’. நீதிபதியானாலும் வண்டிக்குள் ஏறிவிட்டால் “கண்ணாடியப் பாருப்பா”தான். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் ஸ்டியரிங்கில் இருக்கும் வியர்வையைத் துடைத்துவிடுவார். பெல்ட் மாட்டும் ‘டக்’ சத்தம் இரண்டு பக்கமும் கேட்காமல் சாவியைக் கையில் தரமாட்டார். விடுமுறை நாளில் பஸ்ஸில் போகும்போதுகூட அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வருமாம். “அந்த டிரைவர் லேட்டா பிரேக் போடுறாரு, நான் என்ன பண்றது?” என்பார்.

குரல் கம்மியபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருடம் ‘பிரேக், பிரேக்’ என்று கத்தினால் தொண்டை வேறு என்ன செய்யும் என்று தேனைக் குடித்தார், மாத்திரையைச் சப்பினார். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்து, குரல்நாண் மேல் ஒரு கட்டி இருக்கிறது என்றார். பிறகு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்துப் புற்றுநோய் என்றார்கள்.

“சிகரெட் பிடிக்கிறவனெல்லாம் என் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டுப் போயிட்டான். நான் தொட்டதே இல்ல. எனக்கு எப்படி டாக்டர்?” என்று கேட்டிருக்கிறார். சிலருக்கு ஏன் வருகிறது என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அந்தப் பதிலை டீச்சர் இன்றுவரை மன்னிக்கவில்லை. வண்டி எதிலாவது இடித்தால், ஏன் இடித்தது என்று சொல்லாமல் யாரையும் இறங்க விடாதவர் அவர்.

அறுவை சிகிச்சை என்றால் குரல்பெட்டியையே எடுக்க வேண்டிவரலாம், கதிர்வீச்சு என்றால் குரலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பத்து மூன்று நாள். அவர் கணவர் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். தினமும் விடுப்புக் கிடைக்காது. டீச்சர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். என்னிடம் வந்து, “உனக்கு வகுப்பு பத்து மணிக்கு. எனக்குக் கரண்ட் பத்தே முக்காலுக்கு. ஆஸ்பத்திரிக்கே ஓட்டு” என்றார். கதிர்வீச்சுக்கு அங்கே காத்திருக்கும் எல்லோரும் சொல்லும் சொல் அதுதான்: கரண்ட் வைப்பது. அப்படித்தான் நான் நாற்பத்தாறு வயதில், நெரிசலான சாலையில், தினமும் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு கார் கற்றேன்.

முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. முகத்தின் அச்சில் செய்த வலைபோன்ற பிளாஸ்டிக் முகமூடியைப் போட்டு, தலை அசையாதபடி அதை மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். இயந்திரம் சுற்றிவரும். கால் மணி நேரத்தில் எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

“கரண்ட்டுன்னா ஷாக் அடிக்க வேண்டாமா? சூடாவது தெரிய வேண்டாமா? மெஷினை ஆன் பண்ணுனாங்களான்னே சந்தேகமா இருக்கு” என்று கன்னத்தில் முகமூடி பதித்த கட்டங்களோடு வந்து வண்டியில் ஏறுவார்.

மூன்றாம் வாரம் கழுத்து சிவந்தது. வெயிலில் நின்றவர் கழுத்துபோல முதலில் இளஞ்சிவப்பு, பிறகு செங்கல் நிறம், பிறகு தாடைக்குக் கீழே கரிப்பானையின் அடிபோலக் கறுப்பு. சுட்டது எதுவும் கண்ணில் படவில்லை; சுட்ட இடம் மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வேண்டிய கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, “நெருப்பே இல்லாம எப்படிம்மா சுடும்?” என்று கேட்டார். எனக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் இரண்டு தெரு ஓட்டினேன்.

குழப்பம் உச்சிக்குப் போனது அதற்குப் பிறகுதான். ஏனென்றால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கழுத்தில் தண்ணீரே படக்கூடாது என்றார் காத்திருக்கும் இடத்தில் சந்தித்த ஒரு பெரியவர். அவருக்குப் பல வருடம் முன்னால் அப்படித்தான் சொன்னார்களாம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள் என்றது ஆஸ்பத்திரித் தாள். கிரீம் போடுங்கள் என்றது அதே தாள். கரண்ட் வைக்கும் முன்னால் அப்பிக்கொண்டு வரக்கூடாது என்றது அடுத்த வரி. முன்னால் என்றால் எவ்வளவு முன்னால்? பவுடர் போட்டால் குளிர்ச்சி என்றாள் எதிர்வீட்டுப் பெண். ஐஸ் வைத்தால் அடங்கும் என்றார் ஹாரன். கணவர் எல்லாவற்றையும் ஆய்வகக் கையெழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார். ஒருநாள் நான் போனபோது அதில் பதினான்கு வரிகள் இருந்தன. ஏழு வரிகள், மற்ற ஏழு வரிகளை மறுத்தன.

“சிக்னல்ல சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியுது. போகவா, நிக்கவா?” என்றார் டீச்சர்.

‘ஒத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது’ என்ற வரியை மட்டும் கணவர் உறுதியாகப் பிடித்துக்கொண்டார். மெல்லிய பருத்தித் துணியை மடித்து முதலில் தன் முழங்கையில் ஒத்திப் பார்ப்பார், பிறகு டீச்சர் கழுத்தில். கண்ணாடிக் குடுவையைத் துடைத்தே பழகிய கை. ஆனாலும் அவர் முகம் சுளித்தால் இவர் துணியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வார்.

சீட் பெல்ட் அடுத்த தொல்லை. பட்டை சரியாக வெந்த இடத்தின் மேல்தான் ஏறும். பெல்ட் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. பெல்ட் போட்டால் உயிர் போகும். ஒருநாள் முழுக்கக் கட்டைவிரலைப் பட்டைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். தட்டுவதற்கு ஒரு கைதான் மிச்சம். அன்றைக்கே மற்ற மாணவர்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். என்னை மட்டும் விடவில்லை. “ஆஸ்பத்திரிக்கு வழி தெரிஞ்சவ நீ ஒருத்திதான்” என்றார்.

இருபத்தாறாவது நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் நாத்தனார் வந்தார். நல்ல மனுஷி. வாசனை எண்ணெய் ஒரு புட்டி கொண்டுவந்திருந்தார். தன் கையாலேயே செய்ததாம், வெந்த புண்ணுக்கு அதை மிஞ்சி ஒன்றும் கிடையாதாம். டீச்சருக்கு மாட்டேன் என்று சொல்வதற்குக் குரல் எங்கே இருக்கிறது? கழுத்து முழுக்கத் தடவிவிட்டார். திங்கட்கிழமை காலை தலையணை உறை கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது தோலும் வந்தது. தாடைக்குக் கீழே, மடிப்பில், ஒரு கைவிரல் நீளத்துக்கு ஈரமாகத் திறந்துவிட்டது.

அன்று ஆஸ்பத்திரிக்குள் போனவர் ஐந்தாவது நிமிடம் திரும்பி வந்தார். கதவைத் திறந்து உட்கார்ந்து, முன்னால் கையைக் காட்டினார். வீட்டுக்கு ஓட்டு என்று அர்த்தம்.

“கரண்ட் வைக்கலையா டீச்சர்?”

தலையை ஆட்டினார். “போதும். இருபத்தஞ்சு வெச்சாச்சு. அந்த முகமூடிய இந்தப் புண்ணு மேல வெச்சு யாரும் பூட்ட வேண்டாம்.”

நான் சாவியைப் போட்டேன், கியரைப் போட்டேன், பிரேக்கிலிருந்து மட்டும் காலை எடுக்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு ஓட்டுவதா, கேட்காமல் நிற்பதா? ஆறு மாதமாக அவர் சொல்வதைச் செய்வதற்குத்தான் பழகியிருந்தேன். அவர் டாஷ்போர்டில் தட்டினார். நான் அசையவில்லை. மறுபடி தட்டினார். எத்தனை தட்டு என்று எனக்கு நிஜமாகவே எண்ணத் தெரியவில்லை.

பின்கதவு திறந்தது. கதிர்வீச்சுப் பிரிவு நர்ஸ் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அதட்டுவார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சினார்.

“எண்ணெய் போட்டீங்களாம்மா?”

டீச்சர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இருந்த கொஞ்சக் குரலையும் திரட்டிக்கொண்டு வெடித்தார்.

“ஒருத்தர் கழுவுங்கிறாங்க. ஒருத்தர் தண்ணியே ஆகாதுங்கிறாங்க. கிரீம் போடுங்கிறீங்க, போட்டுட்டு வந்தா ஏன் போட்டீங்கங்கிறீங்க. அந்தம்மா எண்ணெய் போட்டாங்க. நான் யாரு பேச்சத்தான் கேக்கிறது? பத்தொன்பது வருஷமா நான் சொல்றத நாலு பேரு கேட்டாங்க. இப்ப நாப்பது பேரு சொல்றாங்க, நான் ஒருத்தி கேக்கிறேன்.”

நர்ஸ் சிரிக்கவில்லை. “என் பேச்ச மட்டும் கேளுங்க. நான் லீவுன்னா போன்ல கேளுங்க. வேற யாரு சொன்னாலும் சரின்னு தலையாட்டிட்டு விட்டுடுங்க” என்றார். “எண்ணெயை நிறுத்தணும். புண்ணுக்கு ஒட்டாத துணி இருக்கு, அத வெச்சு மேல வலைக்கட்டுப் போடுவேன். பிளாஸ்திரி ஒட்டமாட்டேன். டாக்டர் வந்து பாக்கட்டும். மாஸ்க் உரசுற இடத்துல என்ன பண்ண முடியும்னும் கேப்போம். ஆனா நடுவுல விட்டா இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு அர்த்தமில்லாம போயிடும்மா. உங்களுக்குக் குரல் வேணுமா, வேண்டாமா?”

“குரல் இருந்தா உங்கள இந்நேரம் திட்டியிருப்பேன்.”

“எட்டு நாள் முடிச்சுட்டுத் திட்டுங்க.”

டீச்சர் பெல்ட்டைக் கழற்றினார். இறங்கும் முன் என்னைப் பார்த்து, “இஞ்சின ஆஃப் பண்ணு. சும்மா பெட்ரோல் எரியுது” என்றார். டாக்டர் பார்த்தார், வலிக்கு மருந்தை மாற்றினார், அன்றைய கரண்ட்டும் முடிந்தது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் பதினான்கு வரிகளை அடித்துவிட்டுக் கணவர் நர்ஸின் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதினார். நாத்தனாருக்குக் கோபம், இரண்டு வாரம் பேசவில்லை.

முப்பத்து மூன்றாவது நாள் முடிந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் தெளிவு தெரிந்தது. இனி ஆறிவிடும் என்பது அவர் கணக்கு. எங்கள் எல்லோருடைய கணக்கும் அதுதான். நாலாவது நாள் காலை போன் வந்தது. மூச்சுதான் முதலில் கேட்டது.

“கரண்ட்ட நிறுத்தியாச்சு. ஆனா முன்னவிட இப்பத்தான் அதிகமா எரியுது. இப்ப யாரும்மா வைக்கிறாங்க?”

எனக்கும் திக்கென்றது. அங்கே எதையாவது தப்பாகச் செய்துவிட்டார்களோ என்று இருவரும் ஆளுக்கொரு பயத்தைச் சொல்லிக்கொண்டோம். நர்ஸைக் கூப்பிட்டார். முடித்த பிறகு ஒன்றிரண்டு வாரம் அப்படித்தான் கூடும், அப்புறம்தான் இறங்கும் என்றாராம். கடைசி நாளன்று தாளில் எழுதியும் கொடுத்திருந்தார்களாம். அந்தத் தாள் கணவரின் சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விட்டது.

நான் ஆறுதலாக இருக்கட்டும் என்று, “பிரேக் போட்ட உடனே வண்டி நிக்காது, கொஞ்ச தூரம் போய்த்தான் நிக்கும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?” என்றேன்.

“எத்தனை அடியில நிக்கும்னும் நான் சொல்லியிருக்கேன்ல? இதுக்கு அதச் சொல்ல ஒரு ஆளில்லையே” என்று போனை வைத்துவிட்டார்.

அந்தப் பத்து நாளை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக் கடந்தார். வெதுவெதுப்பான தண்ணீர், ஒத்தி எடுக்கும் துணி, ஒட்டாத கட்டு, காலர் இல்லாத தொளதொளச் சட்டை. விழுங்குவது ஆறிய பாலும் மசித்த பழமும். பதினோராவது நாள் கட்டைப் பிரித்த கணவர், துணி ஈரமில்லாமல் வந்ததைக் கண்டு, அதை வெளிச்சத்தில் பிடித்து இருபக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு கறுத்த தோல் வெங்காயச் சருகுபோல உரிந்தது. அடியிலிருந்து வெளிறிய தோல் வந்தது. பழைய கழுத்துக்கும் புதுக் கழுத்துக்கும் நடுவே எல்லை வரைந்ததுபோல ஒரு கோடு.

ஆறாவது வாரம் அவர் மறுபடி காரில் ஏறினார். கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தார். வெயில் படக்கூடாது என்பது நர்ஸின் சட்டம். குரல் கொஞ்சம் வந்திருந்தது, மணலில் இழுத்ததுபோல. ஓட்டுநர் தேர்வில் நான் இரண்டாம் முறையும் தோற்ற செய்தியைச் சொன்னேன். “எதுல?” என்றார். “கிளட்ச்” என்றேன்.

அன்று காலைதான் டாக்டரிடம் போய்வந்திருந்தார். மறுபடி கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இன்னும் வீக்கம் இருக்கிறது, இப்போது ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, மூன்று மாதம் முடிந்ததும் ஸ்கேன் எடுத்துத்தான் தெரியும் என்றார்களாம்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக் கேட்டேன். “உங்களுக்கு என்ன தோணுது டீச்சர்? கட்டி போயிருக்குமா?”

கீழுதட்டைப் பிதுக்கினார். ‘யாருக்குத் தெரியும்’ என்று இரண்டு தோளையும் காதுவரை தூக்கினார். தூக்கியவர் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார். கழுத்து மடிந்தாலே சுளிக்கும் முகம் சுளிக்கவில்லை, கண் அகன்றது. தோளை மெதுவாக இறக்கினார். நான் பதிலுக்குக் காத்திருந்தேன். அவர் என்னை மறந்து, சாலையைப் பார்த்தபடி, கழுத்துத் தோல் முழுவதும் மடியும்படி மறுபடி ஒருமுறை, நிதானமாக, தோளைத் தூக்கினார்.