வன்னியராஜுக்குக் கண்ணீர் அஞ்சலி

கங்கைகொண்டானில் மசாலாப்பொடி பாக்கெட் போடும் கம்பெனியில் செல்லக்கிளிக்கு வேலை. டீ இடைவேளையில் செல்போனை எடுத்தபோது சொந்தக்காரர்கள் குரூப்பில் அந்தப் படம் கிடந்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் மாலையோடு அவள் கணவன் வன்னியராஜ். மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதி. கீழே, 'துயரத்தில் வாடும் லோடு ஆட்டோ நண்பர்கள்'. அதற்கும் கீழே சொந்தக்காரர்கள் அனுப்பிய கைகூப்பும் எமோஜிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அன்றைக்கு அவனுக்குப் பிறந்தநாள். காலையில் கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

அவனைக் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். அவனுடைய கூட்டாளி செந்தில்முருகனைக் கூப்பிட்டாள். அவன் எடுக்காமல் துண்டித்தான். சொல்ல நா எழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கூட வேலை பார்க்கும் ஸமீஹா சூப்பர்வைசரிடம் சொல்லி அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். செல்லக்கிளி நேரே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போனாள்.

"வன்னியராஜுன்னு... லோடு ஆட்டோ ஓட்டுதாரு" என்றாள்.

"வயசு?" என்று கேட்டார் அங்கிருந்த ஊழியர். அவளுக்கு நினைவு வரவில்லை.

"அங்கன உக்காரும்மா. விசாரிச்சுச் சொல்லுதேன்."

பெஞ்சில் இருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் மகனை உள்ளே வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸமீஹா கூப்பிட்டாள்.

"அக்கா, அண்ணன் நல்லாத்தான் இருக்காவளாம். எங்க அண்ணன் ஸ்டாண்டுல போயிப் பாத்துட்டான். கேக் வெட்டுதாங்களாம். சும்மா வெளையாட்டுக்குப் போட்டதாம்."

முதலில் வந்தது நிம்மதிதான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அது போய்விட்டது.

வண்ணார்பேட்டை லோடு ஆட்டோ ஸ்டாண்டில் வன்னியராஜ் முகமெல்லாம் கேக் அப்பியிருந்தது.

"வாங்க மதினி, செத்தவன் எந்திரிச்சிட்டான்" என்றான் செந்தில்முருகன். எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்தப் படம் எப்படிக் கெடச்சுது? எங்க கல்யாணப் படம்லா இது. இவரு போனுல மட்டுந்தான் இருக்கு."

வன்னியராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நாந்தாம்ட்டி குடுத்தேன். ஒரு தமாசுக்கு. நீ இப்படி எடுத்துக்கிடுவன்னு..."

"பக்கத்துல நின்ன என்னைய வெட்டி எடுத்தது யாரு? நீங்களா, அவரா?"

சிரிப்பு அடங்கிவிட்டது.

"வண்டிய எடுங்க. பிணவறையில ஒரு மனுசன் ஒங்களத் தேடிக்கிட்டு இருக்காரு. உயிரோட இருக்கேன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

"ஏட்டி, அங்கன எதுக்கு..."

"எடுங்க."

பிணவறை வாசலில் வன்னியராஜுக்கு வாய் குழறியது. சட்டையில் இன்னும் கேக் ஒட்டியிருந்தது. அவன் சொல்லி முடித்ததும் ஊழியர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போம்மா. இவரு இங்கன நிக்க வேண்டாம்."

பெஞ்சில் இருந்த பெண் தலை நிமிர்ந்தாள். "ஒன் வீட்டுக்காரரு கெடச்சிட்டாராம்மா? நல்லா இருக்காராம்மா?"

செல்லக்கிளி தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வன்னியராஜ் சுவர் ஓரமாக நின்று அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை.

மறுநாள் கம்பெனியில் பெண்கள், "ஆம்பளைன்னா அப்படித்தான், விடு கிளி. உயிரு இருக்குல்லா" என்றார்கள். விடச் சொன்னவர்கள்மேல் அவளுக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. ஆற்றமாட்டாமல் ஸமீஹாவிடம் மட்டும் கேட்டாள்: "தாலியப் பிடிச்சுக்கிட்டே ஆட்டோவுல போனேன். அதையும் சேத்துத்தான சிரிச்சிருப்பானுவ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செந்தில்முருகன் அல்வா பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"தப்புத்தான் மதினி. நாங்க சும்மா சிரிக்கத்தான..."

"சிரிச்சாச்சுல்லா. போங்க."

அவன் வன்னியராஜைப் பார்த்தான். வன்னியராஜ் உள்ளே கட்டிலில் உட்கார்ந்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்லக்கிளி, செந்தில்முருகன் நீட்டிய பொட்டலத்தை அவன் கையிலேயே திருப்பி வைத்துக் கதவைச் சாத்தினாள்.