பதினான்காம் தேதிப் பரிசுகள்

என் கணவர் அஷ்ரப் சென்னையில் ஒரு கொரிய நிறுவனத்தில் பணிபுரிந்தார். கொரியக் காதலர்களுக்கு மாதந்தோறும் பதினான்காம் தேதி ஒரு விசேஷ நாள் என்று அங்கே அறிந்து, 2009 முழுவதும் உத்தமபாளையத்திலிருந்த எனக்குக் கூரியரில் பரிசு அனுப்பினார். ஊருக்கு மட்டும் வரவில்லை.

அக்டோபரில் எனக்குக் கரு கலைந்தது. அப்போதும் வரவில்லை. அந்த மாதப் பதினான்காம் தேதி மது நாளாம். மதுவுக்குப் பதிலாக, திராட்சை விளையும் ஊருக்குத் திராட்சை ரசம் வந்தது. மாமியார் அதை மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்.

“எம்மவன் மாதிரி எவன் அனுப்புறான்? குடி ஆத்தா.”

பாட்டிலைத் தள்ளி வைத்தேன். “பாட்டில் வந்துருச்சு மாமி. அவுக எப்ப வருவாக?”

டிசம்பரில், தழுவும் நாளுக்கென்று பஞ்சுக் கரடி வந்தது. வாங்க மறுப்பதாகக் கூரியர் தாளில் கையொப்பமிட்டேன். எல்லாக் கூரியர் ரசீதுகளையும் மருத்துவமனைச் சீட்டையும் இணைத்து, ஜமாஅத்தில் மணவிலக்குக்கு மனுக் கொடுத்தேன்.