ஊசியக்காவின் ரத்தம்

எங்கள் லேபில் ரத்தம் எடுப்பவரை எல்லோரும் ஊசியக்கா என்றே கூப்பிடுவோம். எலும்பும் தோலுமாக வருகிறவர்களுக்கும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். வாயும் அப்படித்தான், பேச்சிலேயே குத்துவார். மூன்று வருடமாக அந்த வாய் அடங்கிப்போயிருந்தது.

முப்பத்தெட்டு வயதில் கட்டி என்று கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கணவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு மரத்துப்போகிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல. அந்த மனுஷன் ஹாலில் படுக்க ஆரம்பித்து எட்டு மாதம். "வேற யாரையாவது மனசுல வச்சிருக்கியா?" என்று அவர் கேட்டபோது அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லையாம். கட்டினவனை வெறுத்துவிட்டோமா, அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஊருக்கெல்லாம் ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கை, ஒரு வெள்ளிக்கிழமை தன்னுடைய மறு கையிலும் எடுத்தது. நரம்பு புடைக்க ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டது நான்தான். சீட்டில் பெயரை மாற்றி எழுதினார். வயதை மாற்ற மறந்துவிட்டார்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வந்த டாக்டரம்மா முகம் சுளித்தார். "நாப்பத்தொண்ணுன்னு அடிச்சிருக்கீங்க. இது அறுபது தாண்டினவங்க ரத்தம் மாதிரி இருக்கு. வயசைத் திருத்துங்க."

"வயசு சரிதான் டாக்டர். பேருதான் தப்பு. அது நான்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சினைப்பையை எடுத்துட்டா ஈஸ்ட்ரோஜன் சட்டுனு விழுந்துடும். பிறப்புறுப்புல தோல் மெலிஞ்சு காஞ்சுபோகும், ரத்த ஓட்டமும் குறையும். அப்ப புருஷனோட சேர்ந்தா வலிக்கும். வலிக்குற இடத்துல ஆசை எங்கேருந்து வரும்? எல்லாத்துக்கும் ஹார்மோன்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இது பெரிய காரணம். வைத்தியம் இருக்கு."

"சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் செய்த மகராசர்கள் இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?

வீட்டில் நடந்ததை மறுநாள் அக்காவே சொன்னார். டாக்டரம்மா சொன்னதை அப்படியே கணவரிடம் ஒப்பித்திருக்கிறார்.

"அப்ப என்மேல வெறுப்பு இல்லையா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

பிறகு அவர், "உனக்கு வலிச்சுதா?" என்று கேட்டிருக்கிறார்.

"வலிச்சுது."

"எப்பல்லாம்?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாத் தடவையும்."

அழுதது கணவர்தானாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.