கெட்டதை முதலில் சொன்ன அக்கா

அக்கா வகுத்த வரிசைப்படியே தொடங்குகிறேன். கெட்ட செய்தி முதலில்: அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. அடுத்த கெட்ட செய்தி: அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நல்ல செய்தி: நாலு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

அக்கா பிறந்தது சாயர்புரத்தில். பள்ளி ஆசிரியரான அப்பா இறந்தபோது அக்கா பிளஸ் டூ முடித்திருந்தார். நான் நாலாம் வகுப்பில் இரண்டாம் முறையாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஆசையை மடித்து வைத்துவிட்டு நர்சிங் படித்து, தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். கல்யாணமாகிச் சில ஆண்டுகளிலேயே அத்தான் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. "ஒன்ன வளத்ததே பத்துப் பிள்ளைய வளத்த மாதிரில்லா இருக்கு" என்பார்.

ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "சாம்பியாவுல ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில தொண்டு செய்ய நர்சு கேக்காங்க. ஒரு வருசம். நான் போறேன்."

பதறியது அம்மா அல்ல, நான். "அங்க சிங்கம் கெடக்கும்க்கா!"

"ஒங்கூடயே இத்தன வருசம் இருந்துட்டேன். சிங்கம் என்னலே செய்யும்?"

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ சுகமா இருக்கேன்னு எனக்கு எப்படிளா தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அக்கா பதில் தேடியது என் வேலையில். நான் துறைமுகத்தில் இழுவைப் படகில் இருக்கிறேன். கப்பலை இழுத்து வரும்போது ஒயர்லெஸ்ஸில் கரைக்குப் பேச எங்கள் படகில் ஒரு வரிசை உண்டு. கோளாறு ஏதும் இருந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு எங்கே இருக்கிறோம், கூட யார், அடுத்து எப்போது பேசுவோம். இதை நான் வீட்டில் நூறு முறை பெருமையடித்திருக்கிறேன். காதில் வாங்கியவர் அக்கா ஒருவர்தான். தினமும் மாலை ஐந்தரைக்கு, அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அதே வரிசையில் ஒரு குரல் பதிவு அனுப்புவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார்.

புறப்படும் முன் ஊசிகளெல்லாம் போட்டுக்கொண்டார். கொசுவலை வாங்கினார். இருட்டிய பிறகு எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்று அம்மாவிடம் சொன்னார். பாஸ்போர்ட் நகலை என்னிடம் கொடுத்தார். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார். 'நான் போன் எடுக்கவில்லை என்றால் முதலில் இவர், பிறகு இவர்' என்று இரண்டு எண்கள். ரயிலில் ஏறும்போது ஒரு பெரிய டப்பா முந்திரி மக்ரூன் இனிப்பை மட்டும் கையைவிட்டு இறக்கவில்லை.

மூன்று மாதம் ஐந்தரை மணி தவறவே இல்லை. "கெட்டது ஒண்ணுமில்லம்மா" என்று குரல் தொடங்கியதும்தான் அம்மா தேநீர் டம்ளரைக் கையில் எடுப்பார்.

பிறகு ஒரு நாள் அக்கா என்னை அழைத்தார். "உள்ளடங்குன கிராமங்களுக்கு மருத்துவ முகாம் போறோம்லே. அஞ்சு நாள் டவர் கெடைக்காது. அம்மாகிட்ட அப்படியே சொல்லிரு."

அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் புத்திசாலி அல்லவா? அம்மா கவலைப்படுவாரே என்று, நாள் கிழமை சொல்லாத பழைய பதிவுகளாகப் பொறுக்கியெடுத்து, அன்று வந்ததைப் போலத் தினம் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் சரக்கு தீர்ந்துவிட்டது. முதல் நாள் போட்டதையே திரும்பப் போட்டேன். அதில் நடுவில் அக்கா ஒரு தும்மல் தும்மியிருந்தார்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏலே, இது திங்கக்கெழம தும்மல்லா?"

"அக்காவுக்கு ஜலதோசம்மா."

"தெனமும் ஒரே எடத்துலயா தும்முவா? எம் பிள்ளைக்கு என்னலே ஆச்சு? எல்லாருமாச் சேந்து மறைக்கியளா?"

உண்மையைச் சொன்னேன். பொய்யனின் உண்மையை யார் நம்புவார்? அம்மா தேநீரும் குடிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. அரைமணி நேரத்தில் நாசரேத்திலிருந்து சித்தி அழுதுகொண்டே போன் செய்தார். சபைப் போதகர் வேதாகமத்தோடு வந்துவிட்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என் மனைவிதான் பிரிட்ஜைக் காட்டி, "ஏங்க, அந்தத் தாளு எதுக்கு ஒட்டியிருக்கு?" என்றாள்.

தாளில் இருந்த முதல் எண் எடுக்கவில்லை. இரண்டாவது, அக்காவோடு வேலை செய்யும் அவ்வூர் நர்ஸம்மா. என் ஆங்கிலத்தை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. முகாமுக்குப் போனவர்கள் எல்லாரும் பத்திரம், தினமும் ஆஸ்பத்திரி ஒயர்லெஸ்ஸுக்குத் தகவல் வருகிறது, நாளை திரும்பிவிடுவார்கள் என்றார். அம்மா தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் ஐந்தரைக்கு அக்காவின் குரலைப் போனில் நேரடியாகக் கேட்ட பிறகுதான் சாப்பிட்டார்.

அக்கா என்னிடம் தனியாகப் பேசினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கோளாற மொதல்ல சொல்லணும்னு ஒன் படகுலேருந்துதான் எடுத்தேன். நீயே மறந்துட்டியேலே. இனிமே நான் சுகம்னு சொன்னா அம்மா எப்படி நம்புவா?"

எட்டாம் மாதம் ஒரு பதிவு வந்தது. "கெட்டது மொதல்ல. மலேரியா வந்திருக்கு. ரத்தம் பாத்து மாத்திர தொடங்கியாச்சு. எங்க ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்கேன். கூட நர்ஸம்மா இருக்கா. நாளைக்கு இதே நேரம் பேசுவேன்."

அம்மா அதை இரண்டு முறை கேட்டார். "சரி. உள்ளதத்தான் சொல்லுதா" என்று டம்ளரை எடுத்துக்கொண்டார். அந்த வாரம் மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டது நான்தான்.

ஒரு வருடம் என்று போன அக்கா இரண்டு வருடம் இருந்துவிட்டு நலமாகத் திரும்பினார். அடுத்த ஆண்டே கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறிக்கையைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் காதில் கிசுகிசுத்தது. திருந்தாத ஜென்மம். அக்கா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே மணி பார்த்தார். ஐந்தரைக்கு அம்மாவை அழைத்தார்.

"எம்மா, கெட்டத மொதல்ல சொல்லுதேன். புத்துநோய். ரொம்ப நாள் இல்ல."

போனில் அம்மாவின் குரல் கேட்டது. "வலிக்குதாளா?"

"வலிக்குதும்மா."

"கூட யாரு இருக்கா?"

"தம்பி இருக்கான்."

"அவனா? நான் வாரேன்."

அம்மா வந்தார். இரண்டரை மாதம் தினமும் வந்தார். கஞ்சி ஊட்டினார், தலை வாரிவிட்டார், பேச வேண்டியதை எல்லாம் இருவரும் பேசித் தீர்த்தார்கள். நான் மறைத்திருந்தால் அந்த நாட்கள் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. கடைசி நாள் மாலையும் அக்கா வரிசை தவறவில்லை. "முடியலம்மா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். கூட நீ இருக்க." அடுத்து எப்போது பேசுவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அக்காவை உள்ளங்கையில் வைத்துத் தாங்கிய டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், அழைக்காமலே வந்து ஜெபித்த போதகருக்கும், வீட்டில் அடுப்பு பற்றாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், அடக்க ஆராதனையைப் போனிலேயே பார்த்து எங்களோடு அழுத சாம்பியா நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிரிட்ஜைக் காட்டிய என் மனைவிக்குத் தனி நன்றி. அந்தத் தாளை நாங்கள் இன்னும் கிழிக்கவில்லை.

இப்போதெல்லாம் ஐந்தரைக்கு அம்மா என்னைப் பார்க்கிறார். நேற்றும் பார்த்தார்.

"சொல்லுலே."

"கெட்டது மொதல்லம்மா. அக்காவப் பத்தி எழுத உக்காந்து, முடியாம அழுதுட்டேன். வீட்லதான் இருக்கேன். கூட நீ இருக்க. நாளைக்கும் இதே நேரம் சொல்லுதேன்."

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டம்ளரைக் கையில் எடுத்தார்.