பத்தாவது பெயர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன், புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் வந்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம் என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். ஆனால் இது என் கையெழுத்தால் நடந்த காரியம். அதை இன்னொருவர் கையால் எழுத வைப்பது சரியில்லை என்று பட்டது.

அறுபதுகளில் நான் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தேன். கட்டி வைத்த தோல்கட்டுகளின் மேல் மை தொட்டு ஊர்ப்பெயரும் எண்ணும் எழுதுவது என் வேலை. ஆங்கில எழுத்துகளை அச்சடித்த மாதிரி எழுதுவேன். எழுதியதில் பாதிக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரியும். இருந்தாலும் எழுத்து அழகாக இருந்ததால் எங்கள் பகுதியில் மனு, விண்ணப்பம் எது என்றாலும் என்னிடம் வந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் குடிசை வரிசைக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடை. அதன் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டினால் சர்க்காருக்குச் சொந்தமான தாழ்வான சேற்று நிலம். தூரத்தில் கழிமுகத்துப் புதர்கள் தெரியும். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் சுற்றிலும் உள்ள தண்ணீரெல்லாம் அங்கே போய் நிற்கும். அங்கே நின்றதால்தான் எங்கள் அடுப்பு நனையாமல் இருந்தது. அந்த நிலத்தின் ஓர் ஓரத்தில் ஒன்பது குடிசைகள் இருந்தன. மீதி வெறும் இடம்.

ஒரு வருஷம் ஒரு தாதாவின் ஆட்கள் லாரி லாரியாக இடிபாட்டு மண்ணைக் கொண்டுவந்து அந்த நிலத்தில் கொட்டத் தொடங்கினார்கள். சேற்றைத் தூர்த்துத் துண்டு போட்டு விற்பது அவர்கள் தொழில். அந்த மழைக்கு எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மூன்று நாள் கட்டிலின் மேல் அடுப்பை வைத்துச் சமைத்தோம்.

அப்போதுதான் மானியம் பற்றிய செய்தி வந்தது. பொது நிலத்துக்கு வேலி போட்டு, மரக்கன்று நட்டு, அது கெடாமல் பார்த்துக்கொள்ள முன்வருகிற சங்கங்களுக்கு சர்க்காரே பணம் கொடுக்கிறதாம். எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேலி போட்டுவிட்டால் தாதாவின் லாரி உள்ளே நுழைய முடியாது அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அறையில் கூடினோம். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால் மாட்டுங்காவிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். ஆபீஸ் உத்தியோகஸ்தர், நம் தமிழர். அவர் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து எழுத்துக்கூட்டிச் சொல்ல, நான் எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"நிலத்துல அத்துமீறிக் குடியிருக்கறவா யாராவது உண்டான்னு கேட்டிருக்கான். இல்லைன்னு போட்டுடுவோம்."

தலைவர் நிமிர்ந்தார். "என்ன சார் இப்படிச் சொல்லுதீய? ஒம்பது குடும்பம் இருக்குல்லா?"

"இருக்கட்டுமே. நாமளே போய் ஏன் சொல்லணும்?"

"பேரு ஏறணும் சார். சர்க்கார் காயிதத்துல பேரு ஏறிட்டா அப்புறம் ஒருத்தன் அசைக்க முடியாது. எங்க அப்பா ஊர்ல தலையாரி. பி மெமோவுல பேரைச் சேத்துவிடச் சொல்லி அவரு பின்னால எத்தனை பேரு அலைஞ்சான் தெரியுமா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் புறம்போக்கு நிலத்தில் ஒருவர் குடிசை போட்டால், அத்துமீறி இருக்கிறாய் என்று சர்க்கார் ஒரு நோட்டீஸ் கொடுத்து அபராதமும் விதிக்கும். அதைத்தான் பி மெமோ என்பார்கள். அது தண்டனைதான். ஆனால் எங்கள் ஜனங்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இத்தனை வருஷமாக நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதைக் காட்டித்தான் பின்னால் பட்டா கேட்பார்கள். என் அப்பாவும் அந்த ரசீதுகளைத் தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அதனால் தலைவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

"அது உங்க ஜில்லா வழக்கம். இது பம்பாய்," என்றார் மாட்டுங்காக்காரர்.

"சர்க்கார்னா எங்கனயும் சர்க்கார்தான் சார்."

பின்னாலிருந்து ஒருவர், "சார் பக்கா வீட்டுல இருக்காவ. அவுகளுக்கு பி மெமோ அருமை எப்படித் தெரியும்?" என்றார். அறையே சிரித்தது. மாட்டுங்காக்காரரும் சிரித்துவிட்டு, "நேக்கென்ன, போட்டுக்கோங்கோ," என்றார்.

"ஏல, நீ எழுதுல," என்றார் தலைவர் என்னிடம். ஒன்பது குடும்பத்தாரின் பெயர்களையும் வரிசை எண் போட்டு எழுதினேன்.

சுத்தமாகப் பிரதி எடுக்க விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் எங்கள் வரிசையின் கடைசிக் குடிசைக்காரி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். எங்கள் கிடங்கிலேயே தோலில் படிந்த உப்பைத் தட்டி உதிர்க்கிற வேலை செய்தவள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். ஊரில் இருந்த ஒரே துண்டு நிலத்தை விற்றுவிட்டுத்தான் அந்தக் குடிசையை வாங்கியிருந்தார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

"அண்ணாச்சி, ஒம்பது பேரு பேரும் சர்க்கார்ல ஏறப்போவுதாமே. எம் பேரு மட்டும் என்ன பாவம் செஞ்சுது?"

"உன் குடிசை அந்த நெலத்துல இல்லயேம்மா. ஓடைக்கு இந்தப் பக்கம்லா இருக்கு."

"ஒரு பலகையைத் தாண்டுனா அந்த நெலம். அதுக்காக எங்களை விட்டுருவீயளா? நாளைக்கு அவுக எல்லாம் பட்டாவை நீட்டிக்கிட்டு நிப்பாவ, நான் மட்டும் வேடிக்கை பாக்கணுமோ? எழுதுங்கண்ணாச்சி. ஒரு வரிதான. மை தீந்துருமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வராது. பத்து என்று எண் போட்டு அவள் பெயரையும் எழுதினேன். தலைவரிடம் சொல்லவில்லை; அவரும் பட்டியலைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. இரண்டு பக்க ஆங்கிலம். மானியம் அனுமதிக்கப்பட்டது என்ற முதல் வரி எனக்கே புரிந்தது. மீதியை ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காக்காரரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று தலைவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, நான் கிடங்குக்குக் கிளம்பும் நேரத்தில், நிலத்தருகே இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஓர் அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள், கடப்பாரையோடு பத்துப் பன்னிரண்டு கூலியாட்கள். வேலி போட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். அதிகாரி ஒரு தாளை எடுத்துப் பெயர் வாசிக்கத் தொடங்கினார். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் எழுத்து.

பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று ஒருவர் வேட்டியைக்கூட மாற்றிக்கொண்டு வந்தார். பத்தாவது பெயரைக் கேட்டதும் அவள் குழந்தையோடு பலகையின் மேல் ஓடி வந்தாள். "எம் பேரும் வந்துட்டு! எம் பேரும் வந்துட்டு!"

அதிகாரி தாளை மடித்துக்கொண்டு தலையசைத்தார். கூலியாட்கள் முதல் குடிசையின் தகரத்தில் கடப்பாரையைச் செருகினார்கள்.

அந்த முகங்களை என்னால் எழுத முடியாது. தூக்கிய கையை இறக்காமல் ஒருவர் அப்படியே நின்றார். தலைவர் ஓடிப்போய், "சாப், யே க்யா சாப்?" என்று காரணம் கேட்டார். அதிகாரி அவர் சட்டைப்பையிலிருந்த உத்தரவையே வாங்கி விரித்து, விரலால் தொட்டுக் காட்டினார். மானியத்தின் முதல் தவணையே விண்ணப்பத்தில் கண்ட பத்து ஆக்கிரமிப்புகளையும் அகற்றுவதற்குத்தான். அதற்குப் பிறகுதான் வேலி, மரக்கன்று எல்லாம். "ஆப் லோக்னே ஹீ தோ லிக்கா ஹை," என்றார். நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை.

ஒன்பதும் விழுந்த பிறகு கூலியாட்கள் பலகையைத் தாண்டினார்கள். நான் அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். என் ஆயுளில் அதற்கு முன் எந்த அதிகாரியிடமும் பேசியதில்லை.

"சாப்... தஸ் நம்பர்... உஸ் ஜமீன் பே நஹீ ஹை." பத்தாம் எண் அந்த நிலத்தில் இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அவர் தாளைப் பார்த்தார். "லிஸ்ட் மே ஹை. கிஸ்னே லிக்கா?" பட்டியலில் இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டார்.

"மைனே," நான்தான் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டியலில் பத்து இருக்கும்போது ஒன்பதை இடித்துவிட்டுப் போனால் மேலதிகாரிகளுக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. கூலியாட்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். "நல்லா வெவரமாச் சொல்லுங்கண்ணாச்சி. அவருக்கு வெளங்கல போல."

அவள் இன்னும் கிட்டே வந்தாள்.

"எழுதுனது நீங்கதான அண்ணாச்சி? அடிச்சிருங்களேன். ஒரு வரிதான."

கூரைத் தகரம் கீழே விழுந்த சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அவள் அழவில்லை. இடித்து முடித்தபிறகும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை லாரியில் வேலிக் கம்பங்களும் முள்கம்பியும் வந்து இறங்கின. அளவுக்கயிறு பிடித்து வேலியை ஓடைக்கு அந்தப் பக்கமாகப் போட்டார்கள். அவள் குடிசை இருந்த இடம் வேலிக்கு வெளியே கிடந்தது. அவளும் புருஷனும் குழந்தையோடு ஆண்டாப் ஹில்லில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு பஸ் ஏறினார்கள். நான் கிடங்குக்கு வேலைக்குப் போனேன்.